சொத்து வரியின் நியாயம்

வருமானம் தராத சொந்த வீட்டுக்கு ஏன் வரி கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு அறவியலில் இரு விடைகள் உண்டு. பெறும் பயனுக்கு ஏற்பக் கொடுப்பதே நியாயம் என்பது ஒன்று: தெருவிளக்கும் மழைநீர் வடிகாலும் குப்பை அகற்றலும் வீட்டின் மதிப்பைக் காக்கின்றன. சக்திக்கு ஏற்பக் கொடுப்பதே நியாயம் என்பது மற்றொன்று.

தமிழக நகரங்களின் சொத்து வரியில் இரண்டும் கலந்திருக்கின்றன. கட்டடத்தின் பரப்பு, அமைந்துள்ள இடம், பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் வரி, அரையாண்டுக்கு ஒருமுறை வசூலாகிறது. 2022 சீராய்வில் சென்னை மாநகராட்சியின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதமும் வரி உயர்ந்தது. பெரிய வீடு இருந்தால் வசதியும் இருக்கும் என்பதே இதன் அடிப்படை.

இந்த அளவுகோல் எல்லாருக்கும் பொருந்தாது. பரம்பரை வீட்டில் ஓய்வூதியத்தை நம்பி வாழும் முதியவருக்குச் சதுர அடி இருக்கும். கையில் பணம் இருக்காது.

வசூலிக்கும் முறையும் அறத்தின் பாற்பட்டதே. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் புறநானூற்றில் இதை எடுத்துரைக்கிறார்: நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும்; யானையே வயலில் இறங்கினால் தின்பதைவிட மிதிபடுவது அதிகம். முறையறியாமல் வரி வசூலிப்பதும் அப்படித்தான். எனவே கணக்கிடும் விதி வீட்டுக்காரருக்குப் புரிய வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும். கட்டிய பணத்தின் பலன் தெருவில் தெரிய வேண்டும்.