மலை யாருடையது?

ஏழை ஒருத்தி மலையிலிருந்து ஒரு சுமை விறகு கொண்டுவருகிறாள். அவள் செய்வது களவா? அவளைத் தடுப்பது நீதியா? அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள்.

நமக்கு அண்டையிலுள்ள திருவண்ணாமலையைப் பாருங்கள். விறகுக்கு வெட்டியும், ஆடுமாடு மேய்த்தும், கோடையில் தீப்பிடித்தும் அம்மலை ஒருகாலத்தில் மொட்டையாய்க் கிடந்தது. 1980-களின் இறுதியிலிருந்து சிலர் கூடி அதில் மரம் நடத் தொடங்கினார்கள். பின்னர் ‘தி ஃபாரஸ்ட் வே’ என்னும் அறக்கட்டளையும் வனத்துறையோடு சேர்ந்து அவ்வேலையில் இறங்கியது. மழைக்காலத்தில் கன்று நடுவார்கள். கோடைக்குமுன் உலர்ந்த புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடு போடுவார்கள். தீ எழுந்தால் ஏறி அணைப்பார்கள். வேர் பிடித்த மண் மழைநீரை உள்வாங்கி மெல்லக் கசியவிடும்; மொட்டைச் சரிவோ நீரையும் மண்ணையும் ஒருசேர உருட்டிவிட்டு ஏரியைத் தூர்த்துவிடும்.

2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் அம்மலையடியிலுள்ள வ.உ.சி. நகரில் மண் சரிந்து, வீட்டுக்குள் ஏழு பேர் புதையுண்டு மாண்டார்கள். அவர்களில் ஐவர் பிள்ளைகள். அத்தனை பெருமழையை மரங்கள் தடுத்திருக்கும் என்று சொல்ல நாம் துணியோம். ஆயினும் மலைச்சரிவில் குடியேறுகிறவன் பெரும்பாலும் வேறிடம் வாங்க வகையற்றவனே. மலை சரிந்தால் முதலில் விழுவது ஏழையின் தலைமேல்தான்.

கடுந்தேவையில் பூமியின் பொருள்கள் எல்லார்க்கும் பொது, அப்போது எடுப்பது களவாகாது என்று அர்ச். அக்குவினாஸ் தோமையார் போதிக்கிறார். ஆகையால் அடுப்பெரிக்க வழியற்றவளை நாம் தீர்ப்பிடலாகாது. ஆனால் ‘பொது’ என்றால் என்ன? எடுக்கலாம் என்பது பாதி. காக்கவேண்டும் என்பது மறுபாதி. எடுக்கும் உரிமை தேவையுள்ளவனுக்கு முந்தியது. காக்கும் கடமை வசதியுள்ளவனுக்கு முந்தியது. நாமோ இதைத் தலைகீழாக்கி, ஏழைக்குக் கடமையைப் போதித்துவிட்டு, உரிமையை நமக்கு வைத்துக்கொள்கிறோம்.

1974-ல் இமயமலையின் ரேணி கிராமத்தில், மரம் வெட்ட வந்தவர்களைக் கௌரா தேவியும் மற்றப் பெண்களும் மறித்து நின்றார்கள். அவர்களும் காட்டு விறகினால் அடுப்பெரித்தவர்கள்தாம். காட்டை நம்பிப் பிழைப்பவரே அதன் நல்ல காவலர் ஆனார்கள்.

ஆகவே, பங்கு மக்களே, கன்று நடுங்கள். நட்ட கன்றுக்கு இரண்டு கோடையாவது தண்ணீர் ஊற்றுங்கள். மலைப்பக்கம் போனால் பீடி நெருப்பை அணைத்துவிட்டு நடங்கள். விறகு சுமப்பவளைக் கண்டால் அவளைக் கடிந்துகொள்ளுமுன், அவள் வீட்டு அடுப்புக்கு வேறு வழி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், அவ்வழியைத் தேடுவது அவள் கடமையன்று, நம் கடமை.