மயில் கேட்காத போர்வை

2021 ஜூலையில் சென்னை விமான நிலையச் சுங்கத் துறையினர் போலந்திலிருந்து வந்த ஓர் அஞ்சல் பொட்டலத்தைப் பிரித்தார்கள். உள்ளே 107 சிறு பிளாஸ்டிக் குப்பிகள். வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றியிருந்த அவற்றுக்குள் உயிருள்ள சிலந்திகள். போய்ச் சேர வேண்டிய முகவரி அருப்புக்கோட்டை. மெக்சிகோவையும் மத்திய, தென் அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட டரான்டுலா வகைகளாக அவை இருக்கலாம் என்று வல்லுநர்கள் கருதினார்கள். இறக்குமதி உரிமமோ சுகாதாரச் சான்றோ இல்லாததால், வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பும்படி பொட்டலம் அஞ்சல் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது.

சட்டத்தின் கணக்கில் விஷயம் அத்தோடு முடிந்தது. நமக்கு அங்கிருந்துதான் கேள்வி பிறக்கிறது. கரிசல் மண்ணில் வாழும் ஒருவரை, கடல்கள் கடந்து ஓர் எட்டுக்கால் பூச்சியை வரவழைக்கத் தூண்டும் ஆசை எத்தகையது? அதை விசித்திரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்த ஆசை ஒருவருடையது மட்டுமில்லை. பெங்களூருவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அது வெகு இயல்பாக முளைக்கக்கூடியது. நாய் வளர்க்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். காலையில் கிளம்பினால் இரவுதான் திரும்ப முடியும். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத அறையில் ஏதோ ஓர் உயிர் இருந்தால் நன்றாயிருக்கும் என்று மனம் ஏங்குகிறது. டரான்டுலா குரைக்காது, நாறாது, நாள்கணக்கில் உண்ணாமலும் இருக்கும். மேசை மீது ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு இடம் போதும். தனிமையும் இடநெருக்கடியும் சேர்ந்து வாழும் நகரத்துக்கு இதைவிடத் தோதான பிராணி உண்டா என்றுகூடத் தோன்றும்.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் உயிருக்கு நாம் யார்? எட்டுக் கண்கள் இருந்தும் அது அதிகம் பார்ப்பதில்லை. காலின் நுண்மயிர்கள் வழியே வந்து சேரும் அதிர்வுகளே அதன் உலகம். நம் முகம் அதற்குத் தெரியாது, குரல் பொருட்டில்லை, உள்ளங்கை என்பது சற்று வெதுவெதுப்பான ஒரு தரை. கையில் ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டு, என்னிடம் நன்றாகப் பழகிவிட்டது என்று பெருமைப்படுகிறவர் தம் ஆசையையே அதன் எட்டுக் கால்களில் படிக்கிறார். நெஞ்சுயரத்திலிருந்து தவறி விழுந்தால் அதன் வயிறு கிழிந்துவிடக்கூடும் என்பது அந்தப் படத்தில் தெரியாது.

புதிதாக வளர்ப்பவரின் உண்மையான சோதனை தோலுரிக்கும் காலத்தில் வருகிறது. வாரக்கணக்கில் சிலந்தி இரையைத் தொடாது. ஒரு நாள் மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டது என்று நெஞ்சு படபடக்கும். உண்மையில், சாகும் சிலந்தி பெரும்பாலும் கால்களை உள்ளே மடக்கிக்கொண்டு குறுகிவிடும். உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான் அதன் கால்கள் நீள்கின்றன, அந்த அழுத்தம் போனால் மடங்கிவிடுகின்றன. மல்லாந்து கிடப்பது புதிய உடலுக்குள் போவதற்கான உழைப்பு. அந்த வேளையில் நிமிர்த்திவிட நீளும் விரலும், பசிக்குமே என்று உள்ளே விடும் வெட்டுக்கிளியும் அதைக் கொன்றுவிடலாம். பழைய தோலிலிருந்து வெளிவந்த மென்மையான உடலை இரையே கடித்துக் குதறும் நிலை அது. அன்பு என்று நாம் நம்பும் அத்தனையும் அந்தச் சில நாள்களுக்கு ஆபத்தாக மாறுகின்றன.

பேகனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மயில் குளிரில் நடுங்குகிறது என்று தன் போர்வையை அதற்குக் கொடுத்த அந்த மலைநாட்டுத் தலைவனைத் தமிழ் மரபு வள்ளல்களின் வரிசையில் வைத்துக் கொண்டாடுகிறது. அதே மரபு, மயில் அதை உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்பதையும் அறிந்தே பாடியிருக்கிறது. கொடையின் பெருமை குறையவில்லை. குளிர் மட்டும் பேகனுடையது. நமக்குப் பசித்தால் சிலந்திக்கும் பசிக்கும், நமக்குத் தனிமை என்றால் அதற்கும் தனிமை என்று கருதும் இரக்கம் மேலானதுதான். ஆனாலும் அது தன்னையே சுற்றி வரும் இரக்கம்.

காலத்தைப் பற்றியும் நாம் யோசிப்பதில்லை. மெக்சிகோவின் செம்முழங்கால் டரான்டுலாவில் பெண் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. ஆண் முதிர்ந்த பிறகு அதிக காலம் தங்குவதில்லை. பெங்களூருவில் வாடகை ஒப்பந்தமோ 11 மாதங்களுக்கு எழுதப்படுகிறது. வேலை மாறும், வீடு மாறும், திருமணம் வரும், வெளிநாடு அழைக்கும். பெட்டிக்குள் இருப்பதற்கு இவை எதுவும் தெரியப்போவதில்லை. இருபது ஆண்டுக்கான வாக்கை 11 மாத வாழ்க்கையிலிருந்துகொண்டு கொடுக்க முடியுமா என்ற கேள்வியை, வாங்குவதற்கு முன் தமக்குள் கேட்டுக்கொள்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இதைவிடக் கனமான கேள்வி நம் வாசலிலேயே இருக்கிறது. பெங்களூருவிலிருந்து ஹைதராபாத் நெடுஞ்சாலையில் அனந்தப்பூர் தாண்டிப் போனால் குத்தி என்ற ரயில்வே ஊர் வரும். அங்கே கிடைத்த ஒரே ஒரு சிலந்தியை வைத்து 1899இல் போக்காக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் ஓர் இனத்தை விவரித்தார். நீலமணியைத் தேய்த்துப் பூசியது போன்ற உடல். அதன் பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அது யார் கண்ணிலும் பட்டதாகப் பதிவில்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி தென்பட்டது. குத்திக்கு அது ரயிலில் வந்த மரக்கட்டையோடு வந்திருக்கலாம் என்பதே இப்போதைய ஊகம். மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். அதன் இருப்பிடம் 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. பழைய மரங்களின் பொந்துகளே அதன் வீடு. அந்த மரங்கள் விறகாகவும் கட்டையாகவும் போய்க்கொண்டிருக்கின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமோ அதே நீலச் சிலந்தி கண்ணாடிப் பெட்டிகளில் பெருகி, விலை குறைந்து, பொழுதுபோக்காளர்களின் சேகரிப்பில் சாதாரணமாகிவிட்டது. பிறந்த காட்டில் அரிது, அந்நிய அறைகளில் மலிவு! ஓர் உயிரினத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்வதற்கு இந்த மலிவு போதுமா?

2019இல் ஜெனீவாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு இந்த நீலச் சிலந்தி அடங்கிய பேரினம் முழுவதையும் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவும் 2022இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி, சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று விதித்திருக்கிறது. சட்டம் உடைமையைக் கணக்கெடுக்கிறது, அது வேண்டியதுதான். ஆசையைக் கணக்கெடுக்க அதனிடம் படிவம் இல்லை.

அந்த ஆசையை நாமேதான் விசாரிக்க வேண்டும். நாயிடம் நாம் கொடுக்கும் அன்பில் பாதி, அது வாலாட்டித் திருப்பிக் கொடுப்பதால் நிலைக்கிறது. பசுவிடம் பாலும் பூனையிடம் உரசலும் நமக்குக் கிடைக்கும் கூலி. சிலந்தியோ எதையும் திருப்பித் தராது. அதனாலேயே அது நம் உறவுகளின் கணக்கு வழக்கை அம்பலப்படுத்துகிறது. நம்மை அறியாத, அறியவும் முடியாத ஓர் உயிரின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, பாராட்டும் பழக்கமும் நன்றியும் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் கவனம் ஒன்றே எஞ்சுகிறது. அந்தக் கவனமும் ஆழ ஆழ, எப்போது தொட வேண்டும் என்பதைவிட எப்போது தொடாமலிருக்க வேண்டும் என்பதையே கற்கிறது. அப்படிக் கற்றுக்கொண்ட மனம், பெட்டிக்குள் கை நீட்டாமல் இருப்பதற்கும் காட்டிலிருந்து பெட்டிக்குக் கொண்டுவராமல் இருப்பதற்கும் இடையில் பெரிய தூரம் இல்லை என்பதையும், பிற உயிர் தன் போக்கில் இருக்க நாம் விட்டுக்கொடுக்கும் இடமே நாம் அதற்குத் தரக்கூடியவற்றில் அது பயன்படுத்திக்கொள்ளும் ஒரே கொடை என்பதையும் மெல்ல மெல்ல உணரத் தொடங்குகிறது.

இதைச் சொன்னதும், அப்படியானால் வளர்க்கவே கூடாதா என்று கேட்பார்கள். முறையாகப் பதிவு செய்து, இருபது ஆண்டுக்கும் ஏற்பாடு செய்து, கையில் ஏற்றாமல் வளர்ப்பவர் மீது எனக்கு வருத்தமில்லை. பொறுமையில் அவர் பலரைவிட மேல். ஆனால் டரான்டுலா பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு மட்டும் போலந்துப் பொட்டலம் தேவையில்லை. கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில், உத்தர கன்னடப் பக்கம், மண்கரைகளில் வளை தோண்டி வாழும் டரான்டுலாக்கள் இருக்கின்றன. வளையின் வாயில் பட்டிழை வேய்ந்து இரவில் காத்திருக்கும். பெங்களூருவிலிருந்து ஓர் இரவுப் பேருந்துப் பயணம். அந்த மண்கரையைச் சாலை விரிவாக்க இயந்திரம் சுரண்ட வரும்போது, இங்கே இவை இருக்கின்றன என்று வனத்துறைக்கு ஒரு மனு எழுதிப் போட ஆள் வேண்டும். அந்த மனுவை எழுதுபவர் சொந்தமாக ஒரு சிலந்திகூட வைத்திருக்க வேண்டியதில்லை.