படம் பெற்றோரும் படம் அற்றோரும்

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பெய்னெக்கெ நூலகத்தில் ஆறு பழைய புகைப்பட ஆல்பங்கள் பேணப்பட்டு வருகின்றன. ருஷ்யாவின் கடைசிச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸின் குடும்பத்தாருக்கு நெருங்கிய தோழியாயிருந்த அன்னா விருபோவா என்னும் அம்மையாரின் உடைமைகள் அவை. புரட்சிக்குப் பின் பின்லாந்தில் அடைக்கலம் புகுந்த அவரிடமிருந்து 1937-இல் யேல் மாணவர் ஒருவர் விலைக்கு வாங்கினார். 1951-இல் அவை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன.

அரச குடும்பத்துப் படங்கள் என்றதும் முடியும் செங்கோலும் நம் நினைவுக்கு வரும். இவற்றிலோ அக்குடும்பத்தாரும் அவ்வம்மையாரும் தம் கையிலிருந்த சிறு காமிராக்களால் எடுத்த படங்களே மிகுதி. ஸ்டாண்டார்ட் என்னும் உல்லாசக் கப்பலின் மேல்தளம், கிரிமியாவிலுள்ள லிவாடியா மாளிகை, ஸார்ஸ்கோயே செலோவின் தோட்டம், நான்கு பெண்மக்கள், இரத்தம் உறையாப் பிணியுடன் பிறந்த ஒரே மகன். பெயர்களை மறைத்துவிட்டுக் காட்டினால், வசதி படைத்த ஏதோ ஒரு வீட்டின் விடுமுறைக் காலம் என்றே எவரும் எண்ணுவர்.

இவற்றை நாம் பார்க்கலாமா என்னும் வினாவே முதலில் எழுகிறது. தோழிக்குக் கிடைத்தவை அன்பளிப்பாயின் அவர் உரிமையாளர், விற்கவும் செய்யலாம். ஆனால் அன்பளிப்பாகக் கிடைத்தது காகிதம். அதில் பதிந்த முகம் யாருடையது? அரபு மொழியில் ‘ஸூரத்’ என்னும் ஒரே சொல் உருவத்தையும் குறிக்கும், படத்தையும் குறிக்கும். படத்தை விற்றவர் உருவத்தையும் விற்றாரா என்று வழக்காட விரும்புவோருக்கு இது நல்ல இடம். அமானிதம் என்று நாம் வழங்கும் சொல்லின் வேரிலிருந்தே அச்சமற்ற நிலையைக் குறிக்கும் ‘அம்ன்’ என்ற சொல்லும் பிறக்கிறது. பிறர் பொருள் நம்மிடம் அஞ்சாமல் இருக்கவேண்டும் என்பதே அதன் உட்கிடை. அப்படியாயின், பார்ப்பதைத் தடுப்பதைவிட, பார்ப்பவன் அதை எவ்வாறு நடத்துகிறான் என்று கேட்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

நடத்துவதில்தான் இடர்ப்பாடு இருக்கிறது. ஒரு சாரார் இப்படங்களைக் கண்டு மனமுருகி, மக்கள்மீது இத்துணைப் பாசம் கொண்டவன் கொடுங்கோலனாக இருந்திருக்க முடியாது என்கின்றனர். மற்றொரு சாரார் இந்தப் பாசமே வெறும் வேடம் என்கின்றனர். இரண்டும் ஏற்கத்தக்கனவல்ல. படத்தில் காணப்படும் அன்பு உண்மையானதே. அவ்வுண்மையின் எல்லை எதுவரை என்பதே கேள்வி.

1905-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பீட்டர்ஸ்பர்க் நகரத் தொழிலாளர்கள் மனைவி மக்களோடு குளிர்கால அரண்மனையை நோக்கி நடந்தனர். எட்டு மணி நேர வேலை, ஓரளவு நல்ல கூலி முதலிய கோரிக்கைகளைத் தாங்கிய விண்ணப்பம் ஒன்று அவர்களை வழிநடத்திய கபோன் பாதிரியாரிடம் இருந்தது. புனிதச் சின்னங்களுடன் சக்கரவர்த்தியின் படத்தையும் சிலர் உயர்த்திப் பிடித்திருந்தனர். மன்னர் அன்று அரண்மனையில் இல்லை, படைவீரர் இருந்தனர். அவர்கள் சுட்டதில் மாண்டவர் நூற்றுக்கு மேற்பட்டோர் என்பதை அரசாங்கக் கணக்கே ஒப்புக்கொண்டது. மன்னருடைய நாட்குறிப்பு அந்நாளைத் துயரம் மிக்க நாளென்று பதிவு செய்கிறது. உடனே தாயார் வந்ததையும் குடும்பத்தோடு உணவருந்தியதையும் சொல்லிச் செல்கிறது.

இங்கே சற்று நிற்க வேண்டும். தன் படத்தை ஏந்தி வந்தவர்களின் முகத்தை அந்த மன்னர் பார்க்கவில்லை. மகளின் புன்னகையில் நுட்பமான வேறுபாடுகளையும் கண்டறிந்த கண்ணுக்கு அவர்கள் ‘கூட்டம்’ என்ற ஒற்றைச் சொல்லாய்த் தெரிந்தனர். அவர் கொடிய நெஞ்சினர் என்பதைவிட, அவருடைய அன்பு வீட்டு வாசலோடு நின்றுவிட்டது என்பதே நேரான தீர்ப்பாகும். ஒரு வீட்டுத் தலைவனுக்கு அது சிறு குறை. பதின்மூன்று கோடிக்கு அதிகமான மக்களை ஆண்டவனுக்கு அது பெருங்குற்றம்.

1918 ஜூலை 17-ஆம் நாள் விடியுமுன், யெக்காத்தரின்பர்க் நகரில் இபாத்தியேவ் இல்லத்தின் கீழறையில் அக்குடும்பம் சுட்டுக் கொல்லப்பட்டது. மகனுக்கு வயது பதின்மூன்று. கடைசி மகளுக்குப் பதினேழு. விசாரணை ஏதுமில்லை. சுட்டவர்களின் கண்ணுக்கு அவர்கள் குழந்தைகளாகத் தெரியவில்லை, ‘ரோமனோவ்’ என்ற குலப்பெயராகவே தெரிந்தனர். கூட்டம் என்ற சொல்லும் குலம் என்ற சொல்லும் ஒரே வேலையைச் செய்தன. ஆட்சி மாறியது, பார்வைக் குறை மாறவில்லை. தந்தையின் ஆட்சியைக் காட்டி இச்செயலை நியாயப்படுத்துவோரிடம் இந்த ஆல்பத்தின் ஓர் ஏட்டையேனும் விரித்துக் காட்டலாம். அவ்வளவுக்கு அது வலுவான சாட்சி.

ஆயினும் அதே சாட்சி நம்மையும் ஒருபக்கம் சாய்த்துவிடுகிறது. நாம் யாருக்காக வருந்துகிறோம்? எவருடைய படம் நமக்குக் கிடைத்ததோ அவருக்காக. 1905-இல் பனியில் விழுந்த நெசவாலைப் பெண்ணுக்கும் ஒரு கோடைநாள் இருந்திருக்கும், அவள் பிள்ளைக்கும் ஒரு சிரிப்பு இருந்திருக்கும். காமிரா வாங்க அவளுக்கு வழியில்லை. ஆகவே அவளுக்காக நம் கண் கலங்குவதில்லை. செல்வம் உயிரோடிருக்கையில் சுகத்தைத் தருவது மட்டுமன்றி, மாண்டபின் பிறருடைய இரக்கத்தையும் வாங்கித் தருகிறது. ஆவணக் காப்பகங்களுக்குச் செல்வோர் இதைச் சிந்திக்க வேண்டும். பாதுகாக்கப்பட்டது கொஞ்சம், பாதுகாக்கப்படாதது கடல்.

அக்கீழறையில் மாண்டவர் எழுவர் என்றே பலரும் சொல்லிவிடுகின்றனர். உண்மையில் பதினொருவர். மருத்துவர் யெவ்கெனி போட்கின், பணிப்பெண் அன்னா டெமிடோவா, சமையற்காரர் இவான் கரிட்டோனோவ், ஏவலர் அலெக்ஸி ட்ரூப் ஆகிய நால்வரும் தங்கள் எசமானர்களை விட்டுப் போகாமல் இருந்து, அவர்களோடு சுடப்பட்டவர்கள். எண்பது ஆண்டுகள் கழித்து, 1998 ஜூலை 17-இல், பீட்டர்ஸ்பர்க் நகரப் பேராலயத்தில் மன்னர், அரசி, பெண்மக்கள் மூவர் ஆகியோரின் எலும்புகளோடு இந்நால்வரின் எலும்புகளும் அடக்கம் செய்யப்பட்டன.