மூலையில் உறங்கும் பொருள்

கோவையில் 1955-ஆம் ஆண்டு உருவான கிரைண்டர், ஆட்டுக்கல்லை மூலைக்கு அனுப்பியது. மேசைமேல் வைக்கும் சிறு கிரைண்டர் வந்தபின் பழைய பெரிய கிரைண்டரும் பல இல்லங்களில் அதே மூலையில் உறங்குகிறது. படமெடுத்து, 2006-இல் தோன்றிய ஓ.எல்.எக்ஸ். போன்ற இணையச் சந்தையில் இட்டால் சிறிது பணம் கிடைக்கும். இது தவறாகுமா?

ஆகாது. உழைத்து வாங்கியதை விற்பது நமது உரிமையே. பிள்ளையின் கல்விக் கட்டணத்திற்காக விற்பவரைக் குறைகூற யாருக்கு மனம் வரும்? ஆயினும், பெட்டியில் முடங்கிக் கிடக்கும் ஆடை ஆடையற்றவருக்கே உரியது என்று 4-ஆம் நூற்றாண்டில் போதித்தார் செசரியாவின் ஆயர் புனித பசிலியார். தேவைக்கு விற்பதும் தேங்கியதை விற்பதும் ஒன்றல்ல.

இணையம், அதிக விலை தருபவரைத் தொலைவிலிருந்தும் தேடித் தருகிறது. விலை தர இயலாத அண்டை வீட்டாரை அது காட்டுவதில்லை. இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைக்க எண்ணும் ஒரு தாய்க்கு அந்தக் கிரைண்டரே வாழ்வாதாரம். இலவசம் அவருடைய தன்மானத்தைச் சுடுமெனில், அவரால் இயன்ற விலைக்குக் கொடுக்கலாம். பழுதிருந்தால் மறைக்காமல் சொல்லலாம்.

ஆகவே அன்பர்களே, படமெடுக்குமுன் நம் தெருவை ஒருமுறை நினைத்துப் பார்ப்போம். அங்கே தேவைப்படுவோர் எவருமில்லையெனில், தயங்காமல் விற்போம்.