என்னைத் தெரியுதா?

தலையில் அடிபட்ட அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள் காலையிலேயே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். துறையூரில் சேதி பரவ நேரமாகாது. ஆப்பிள், ஹார்லிக்ஸ், பெருமாள்மலைத் துளசி என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். எல்லோரும் பாசத்தில் வந்தவர்கள். கட்டிலுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "என்னைத் தெரியுதா?"

அண்ணன் உற்றுப் பார்ப்பார். மாமாவைப் பார்த்து, தான் வேலை பார்த்த மண்டியில் மூட்டை தூக்குபவரின் பெயரைச் சொன்னார். சித்தியைப் பார்த்து வெறுமனே சிரித்தார். பெயர் சரியாக வந்துவிட்டால் அறையே மகிழ்ந்துபோகும். வராவிட்டால் வந்தவர் அண்ணி பக்கம் திரும்பி, அண்ணன் காதில் விழும்படியே, "பழையபடி ஆயிருவாருல்ல?" என்பார். சாயங்காலம் ஆனால் அண்ணனுக்குத் தலைவலி வந்துவிடும். விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்துவார். அடிபட்ட மூளைக்கு வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் பாரம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

திருச்சியிலிருந்து வரும்போது, புலிவலம் தாண்டி நடந்த விபத்து. ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. அந்த இரண்டு நாள்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகு வரும் மாதங்களுக்கு வழி தெரியாமல்தான் நாங்கள் நின்றோம்.

ஆஸ்பத்திரியிலும் கேள்வி கேட்டார்கள். உங்க பேர் என்ன, இது எந்த ஊர், என்ன மாசம்? கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னெட்டும் 1974-ல் வகுத்த அளவுகோலின் ஒரு பகுதி அது. கண் திறப்பது, பேசுவது, அசைவது மூன்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். குறைந்தது 3, முழுசாக 15. மூளை எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய டாக்டருக்கு அது தேவை. உறவினர் கேட்கும்போது, அவர் நினைவில் தன் இடம் பத்திரமாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். இந்த வித்தியாசம் புரிய எனக்கு வெகுநாள் ஆனது.

ஏனென்றால் எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டவன் நான். கைகாலுக்குப் பயிற்சி கொடுப்பதுபோல நினைவுக்கும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். தினமும் காலையில், "நேத்து யாரு வந்தாங்க, சொல்லுங்கண்ணே." ஒருநாள், "அப்பா வந்தாரு" என்றார். "அப்பா போயி ஒம்பது வருசம் ஆச்சுண்ணே" என்று எரிச்சலில் சொல்லிவிட்டேன். அப்போதுதான் முதல்முறையாகக் கேட்பவர்போல அழுதார். அண்ணி வேறொன்றும் சொல்லாமல் என்னை வெளியே போகச் சொன்னார்.

அண்ணன் பொய் சொல்லவில்லை. நினைவில் பள்ளம் விழுந்த இடத்தை மூளை தானாக எதையாவது போட்டு நிரப்பிக்கொள்கிறது. சொல்பவருக்கு அது உண்மையே. நினைவிழப்பு உள்ளவர்களை ஊகிக்கவிட்டுப் பிறகு திருத்தினால், தப்பான விடைதான் மனதில் தங்குகிறது என்று ஆலன் பேடலியும் பார்பரா வில்சனும் 1994-ல் காட்டியிருக்கிறார்கள். நாம் தப்பு செய்து, அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்தமுறை திருத்திக்கொள்கிறோம். தப்பு செய்ததே நினைவில் நிற்காதவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அவருக்குச் சரியான விடையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் மாதக்கணக்கில் தப்பைத்தான் பழக்கிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் படிக்காமலே சரியாகச் செய்தவர், அண்ணனோடு மண்டியில் வேலை பார்த்தவர். உள்ளே வரும்போதே தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு கைப்பிடி சின்ன வெங்காயத்தை எடுத்து அண்ணன் உள்ளங்கையில் கொட்டினார். "சரக்கு எப்படி இருக்குன்னு பாருங்கண்ணே." அண்ணன் ஒன்றைக் கட்டைவிரலால் உருட்டினார். தாளை நெருடினார். "ஈரம் இருக்கு. ரெண்டு நாள் காயணும்" என்றார். ஆறு மாதத்தில் அவர் தயங்காமல் சொன்ன முதல் வாக்கியம் அது. கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் குடியிருக்கிறது. பெயர்கள் போனாலும் அது பெரும்பாலும் போவதில்லை.

இரண்டு வருடம் ஆகிறது. மனக்கணக்கு திரும்பவில்லை. கோபம் சட்டென்று வருகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் கோபத்துக்குக் கடிவாளம், அங்கேதான் அடி. முன்பு யாரிடமும் நின்று பேசாதவர், இப்போது தெருப்பிள்ளைகளோடு திண்ணையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். பழைய அண்ணனுக்காகக் காத்திருந்ததில் இந்த மனிதரை நாங்கள் கவனிக்கவே இல்லை. பழையவருக்காக அண்ணி இன்னும் சில ராத்திரிகளில் அழுகிறார். அழட்டும். உயிரோடு இருப்பவருக்காகத் துக்கப்படுவதைத் தப்பு என்று யாரும் அவரிடம் சொல்ல வேண்டாம்.

இப்படி ஒரு வீட்டுக்கு நீங்கள் போக நேர்ந்தால், வாசலிலேயே உங்கள் பெயரையும் உறவுமுறையையும் சொல்லிவிடுங்கள். கூட்டமாகப் போகாதீர்கள். டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அவருக்காக நீங்கள் சொல்லி முடிக்காதீர்கள். கிளம்பும்போது, அவரைப் பார்த்துக்கொள்பவரிடம் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.