வாலியின் சாம்பல்

ஹம்பிக்குப் போகிறவர்கள் விருபாட்சரைக் கும்பிட்டுவிட்டு, துங்கபத்திரையைத் தாண்டி அனுமன் பிறந்த மலையையும் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஹம்பிக்கு அருகிலேயே, நிம்பாபுரம் பக்கத்தில், ஒரு பழைய சாம்பல் மேடு இருக்கிறது. ராமனின் அம்பு பட்டு மாண்ட வாலியை எரித்த இடம் அது என்பது ஊர் வழக்கு. பல்லாரி வட்டாரத்தில் இப்படிப் பல மேடுகள் உண்டு. வேறு சிலவற்றை அரக்கர்களை எரித்த இடம் என்பார்கள். அவற்றைப் பார்த்த வெள்ளைக்காரர்களுக்கும் குழப்பம்தான். எரிமலைக் கசடோ என்றுகூடப் பேச்சு இருந்தது.

ராபர்ட் புரூஸ் ஃபூட் அது மாட்டுச் சாணம் என்றார்.

1834இல் இங்கிலாந்தில் பிறந்த ஃபூட், 24 வயதில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். தென்னிந்தியாவின் பாறைகளுக்கு வரைபடம் போடுவது அவர் உத்தியோகம். தார்வார் பாறைத் தொகுதியைத் தனியாகப் பிரித்துக் காட்டியவர் அவர்தான். ஆனால் இன்று அவர் பெயர் நிற்பது, சம்பளத்துக்குச் சம்பந்தமில்லாமல் வழியில் பொறுக்கிய கற்களால்.

1863 மே 30. பல்லாவரத்துப் படை அணிவகுப்புத் திடலில் சரளை தோண்டிய ஒரு சிறு குழி. அங்கே கிடந்த குவார்ட்சைட் கல் ஒன்று ஃபூட்டின் கண்ணில் பட்டது. இரண்டு முகத்திலும் சில்லுகளைப் பெயர்த்து, விளிம்பைக் கூராக்கியிருந்தார்கள். ஆற்றில் உருண்ட கல் இப்படி ஆகாது. அதே ஆண்டு செப்டம்பரில் தன் சக ஊழியர் வில்லியம் கிங்கோடு கொற்றலை ஆற்றுப் பக்கம் போனபோது, அதிரம்பாக்கத்தில் இத்தகைய கற்கள் ஏராளமாகக் கிடைத்தன.

அப்போது ஐரோப்பாவில் இது சாதாரணச் செய்தி இல்லை. உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று ஜேம்ஸ் அஷர் என்ற ஐரிஷ் பேராயர் 1650இல் கணக்குப் போட்டிருந்தார். பின்னர் அந்த ஆண்டு ஆங்கில பைபிள்களின் ஓரத்திலேயே அச்சாகி வந்ததால், வாசித்தவர்கள் பலருக்கு அதுவும் வேதவாக்கு போலவே ஆகிவிட்டது. பிரான்ஸில் சோம் நதிச் சரளையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு இப்படி இரு முகமும் செதுக்கிய கைக்கோடரிகள் கிடைத்ததை அறிஞர்கள் ஒப்புக்கொண்டது 1859இல்தான். நான்கே ஆண்டில் அதே வடிவக் கல் பல்லாவரத்திலும் கிடைத்துவிட்டது. ஆறாயிரம் ஆண்டுக்குள் இவ்வளவையும் அடைக்க முடியாது.

ஃபூட்டின் மாமனார் யார் என்பது இந்த இடத்தில் சுவையான சங்கதி. அவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் சமயப்பணி செய்து, ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய அதே பெர்சிவல் பாதிரியார். பிறகு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். 1882இல் ஏற்காட்டில் காலமானார். ஓய்வுக்குப் பின் ஃபூட்டும் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார்.

அஷரின் கணக்கு சரிந்தது என்றதும் நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவது வழக்கம். ‘ஆறாயிரம் ஆண்டு என்பது அவர்கள் கணக்கு, நம் முன்னோர் கலியுகத்துக்கு மட்டுமே 4,32,000 ஆண்டு கொடுத்தார்கள்’ என்பார்கள். தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அதிரம்பாக்கத்தில் அகழ்ந்து, 2011இல் வெளியிட்ட முடிவுப்படி, அங்குள்ள அடி அடுக்குக் கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு. யுகக் கணக்கில் வைத்தால் அது திரேதா யுகத்தில் போய் விழும். வாலியும் திரேதா யுகம். ஆகா என்று கைதட்டத் தோன்றும்.

தட்டக் கூடாது. அஷர் எண்ணைச் சின்னதாகச் சொன்னார், புராணம் பெரிதாகச் சொன்னது. இரண்டும் மண்ணைத் தோண்டிப் பார்த்துச் சொன்னவை அல்ல. ஃபூட் இன்ன கல் இன்ன படிவில் கிடந்தது என்று எழுதினாரே தவிர, இத்தனை ஆண்டு என்று அடித்துச் சொல்லவில்லை. அதற்கு வழி அவர் காலத்தில் இல்லை. எண் பெரிதாக இருப்பதாலேயே ஒரு சமயம் உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடாது.

மேலும், அந்தக் கற்கள் கேட்கும் கேள்வி காலத்தைப் பற்றியது மட்டுமல்ல. 15 லட்சம் ஆண்டுக்கு முன் நம் மனித இனமே இல்லை. அதிரம்பாக்கத்தில் கருவிகள் உண்டு. செய்தவர்களின் எலும்பு கிடைக்கவில்லை. ஆனால் கைக்கோடரியை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உற்றுப் பார்த்தால் தெரியும்: ஒரு முகத்தில் அடிக்கும்போதே மறு முகம் எப்படி வரவேண்டும் என்று அடித்தவர் நினைத்திருக்கிறார். கல்லில் இன்னும் இல்லாத வடிவம் அவர் மனத்தில் இருந்திருக்கிறது. உயிருக்கு இறைவன் தருவது தனு, கரணம், புவனம், போகம் என நான்கு என்கிறது சைவ சித்தாந்தம். மனம், புத்தி முதலியவை கரணத்தில் அடங்கும். அந்தக் கரணம் இவருக்கு இருந்தது என்பதற்குக் கல்லே சாட்சி. அப்படியானால் உயிர்கள் பிறக்கும் எண்பத்து நான்கு லட்சம் யோனி பேதத்தில் இவரை எங்கே வைப்பது? வினையும் வீடுபேறும் இவருக்கும் உண்டா? கிறிஸ்தவ இறையியல் ஆதாமை வைத்து இதே கேள்வியோடு மல்லுக்கு நின்றது. நம் பக்கத்தில் இதை யாரும் பெரிதாகக் கவலைப்பட்டு எழுதியதாகத் தெரியவில்லை. பெரிய எண் கையில் இருந்த நிம்மதியோ என்னவோ.

சாம்பல் மேட்டுக்கு வருவோம். புதிய கற்கால மக்கள் மாடுகளை அடைத்து வைத்த பட்டிகளில் சேர்ந்த சாணம் எரிந்த மிச்சம் அது என்பது ஃபூட்டின் முடிவு. 1950களில் தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்ச்சின் உட்னூர்ச் சாம்பல் மேட்டை அகழ்ந்தபோது மாட்டுக் குளம்பின் தடங்களே கிடைத்தன. ஃபூட் சொன்னது உறுதியாயிற்று. வாலி போனார், சாணம் வந்தது. இதைப் புனிதத்துக்கு நேர்ந்த இழுக்காகச் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பவர் நெற்றியில் இருக்கும் திருநீறு எதை எரித்து வந்தது என்று யோசித்தால் சரியாகிவிடும்.

ஏன் எரித்தார்கள் என்பதில்தான் இன்றும் வழக்கு. ஒரே முறை பிடித்த தீ இல்லை. திரும்பத் திரும்ப எரித்திருக்கிறார்கள். ஹோலி, பொங்கல் போன்ற பருவ விழாக்களில் தீ மூட்டுவதோடு ஆல்ச்சின் அதை ஒப்பிட்டார். கர்நாடகத்துச் சிற்றூர்களில் சங்கராந்தியன்று மாடுகளை இன்றும் தீயைத் தாண்டி ஓட்டுகிறார்கள். புடிஹால் சாம்பல் மேட்டை ஆண்டுக்கணக்கில் அகழ்ந்த தொல்லியலாளர் கே. படைய்யா, குவிந்த சாணத்தை ஒழித்துக்கட்டவே எரித்தார்கள் என்ற பக்கம் சாய்கிறார்.

ஆல்ச்சின் சொல்வது சரியென்றால், நிம்பாபுரத்து மக்கள் பிழைவிட்டது வாலியின் பெயரில் மட்டும்தான். ஏதோ ஒரு சடங்குக்காக மூட்டிய தீ என்பதில் இல்லை. படைய்யா சொல்வது சரியென்றால், அதுவும் பிழைதான்.