மாறியதும் மாற்றப்பட்டதும்

ஒரு பொருளின் உறுப்புகள் மாற்றப்பட்ட பின்னும் அது அதே பொருள்தானா என்ற வினா இந்திய மெய்யியலில் மிகப் பழைமையானது. வைசேடிகர், அவயவி எனப்படும் முழுமைப் பொருளை அதன் அவயவங்களாகிய உறுப்புகளினின்று வேறான தனிப்பொருளாகக் கொண்டமையால், ஓர் உறுப்பு நீங்கினாலோ புதிதாகச் சேர்ந்தாலோ பழைய முழுமை அழிந்து வேறொன்று தோன்றுகிறது என்றனர். சமணரோ, திரவியம் எனப்படும் அடிப்பொருள் நிலைத்திருக்க, பரியாயம் எனப்படும் அதன் நிலைகளே தோன்றி மறைகின்றன என்றனர். ஏட்டில் நிகழ்ந்த இவ்வழக்கு இன்று பழைய முக்குளிப்புக் கைக்கடிகாரங்களைச் சேகரிப்போரிடையே, பெருந்தொகைகளைப் பணயமாக வைத்து, தன் பெயர் அறியாமலே தொடர்கிறது.

1953ஆம் ஆண்டையொட்டி பிளாங்பெயின் நிறுவனத்தின் ஃபிஃப்டி ஃபாதம்ஸும் ரோலெக்ஸின் சப்மரைனரும் உருவானபோது அவை வெறும் கருவிகளே: சுழலும் வளையம் நீருக்கடியில் கழிந்த நிமிடங்களைக் காட்டியது, ஒளிரும் பூச்சு இருளில் நேரம் பார்க்க உதவியது. அப்பூச்சில் முதலில் ரேடியமும், 1960களிலிருந்து அதனினும் தீங்கு குறைந்த டிரிட்டியமும் கலக்கப்பட்டன. டிரிட்டியத்தின் கதிரியக்கம் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் பாதியாகிவிடுவதால் ஒளி மங்குகிறது. வெண்பூச்சு வெண்ணெய் நிறமாகி மஞ்சளிக்கிறது. சில கறுப்பு டயல்கள் வெயில் பட்டுக் காப்பிக்கொட்டை நிறம் அடைகின்றன. பயன்நோக்கில் இவையெல்லாம் குறைகள். ஆயினும் ஒரே சீராகப் பழுப்பேறிய டயல், அதே மாதிரியின் கறுப்பு டயலைவிட மிகுந்த விலை பெறுகிறது. அக்கடிகாரத்தையே சர்வீஸுக்குக் கொடுத்து, புது டயலும் முள்ளும் பொருத்தி, உறையின் விளிம்புகள் மழுங்கப் பாலிஷ் போட்டு வாங்கினால், கடிகாரம் நன்றாக ஓடும், விலை இறங்கிவிடும்.

ஆக, காலம் செய்த மாற்றத்தில் சந்தை சமணர் பக்கமும், கை செய்த மாற்றத்தில் வைசேடிகர் பக்கமும் நிற்கிறது. இந்த இரட்டைநிலைக்குக் காரணம், வாங்குவோர் தேடுவது கடிகாரம் கழித்த வாழ்க்கைக்கான சான்று என்பதே. 2021 நவம்பரில் ஜெனீவாவில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் ஏலம்போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று (அது முக்குளிப்புக் கடிகாரம் அன்று, எனினும் வழக்கு ஒன்றே) வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகளால் கூட்டப்பட்டது என்று 2023இல் வெளிப்பட்டது. உறுப்புகளில் பெரும்பாலானவை மெய்யான ஒமேகா உறுப்புகளாக இருந்தும், அவை ஒன்றாகக் கழித்த வாழ்க்கை ஏதும் இல்லாமையால் அதன் மதிப்பு குலைந்தது.

பயனுக்கும் சான்றுக்கும் இடையிலான இப்பிணக்கைத் தருமபுரி மாவட்டம் நடுகற்களின்வழி நெடுங்காலமாக அறிந்துள்ளது. ஆநிரை மீட்டு மடிந்த வீரர்க்கு நட்ட கற்கள் இங்கே பல ஊர்களில் வேடியப்பனாக வழிபடப்படுகின்றன, எண்ணெயும் மஞ்சளும் படியப்படிய எழுத்தும் உருவமும் மறைகின்றன. கல்வெட்டாய்வாளர்க்கு அது இழப்பு, படையலிடுவோர்க்கு அதுவே கல்லின் உயிர்ப்பு. கல் நடப்பட்டதே வழிபடுவதற்காக என்பதை நினைத்தால், வழிபடுவோர் பக்கமே நியாயம் கூடுதலாக உள்ளது. அருங்காட்சியகத்துக்கு வந்த கல் பாதுகாப்பாக இருக்கிறது, படையல்தான் இல்லை. பழைய முக்குளிப்புக் கடிகாரமும் இதே நிலையை அடைந்துவிட்டது: நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையங்கள் தளர்ந்திருக்கும் என்ற அச்சத்தால், கடலுக்காகச் செய்யப்பட்ட அதனை உடையவர் கைகழுவும்போதுகூடக் கழற்றி வைக்கிறார்.

தகடூர் எனப்பட்ட இத்தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் படைக்கலங்களை ஔவையார் தொண்டைமானுடைய படைக்கலங்களோடு ஒப்பிடும் புறநானூற்று 95ஆம் பாடல் இங்குக் கருதத்தக்கது. நெய் பூசிக் காவல்மனையில் வைக்கப்பட்டவை தொண்டைமானுடையவை. நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பவை அதியமானுடையவை. அங்கே பழுதுபார்ப்பே உழைப்பின் சான்றாகிறது. கடிகாரச் சந்தையில் அதே பழுதுபார்ப்பு சான்றை அழிப்பதாகக் கொள்ளப்படுவது, அது பெரும்பாலும் பதிவின்றி நடப்பதால்தான்: பிரான்சின் கோமெக்ஸ் முக்குளிப்பு நிறுவனத்துக்கோ பிரித்தானியக் கடற்படைக்கோ வழங்கப்பட்ட கடிகாரங்களுக்கு, வழங்கீட்டு எண்ணோடு பழைய சர்வீஸ் ரசீதுகளும் சேர்ந்து கிடைத்தால், அந்த ரசீதுகளும் விலையை உயர்த்துகின்றன.